உதவி: 'பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்' (1965) – தமிழ் சப்டைட்டில் போகப்போகப் பின்தங்குகிறது, பெயரிலும் உறவுமுறையிலும் சிக்கல்

கீழ்த்தெரு_வாசகி:
எல்லாருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காது மந்தம், ஆங்கிலம் வாசிக்க வராது. நடிகர் லாரன்ஸ் ஒலிவியே என்றால் அப்பாவுக்கு உயிர். அவர் இருந்தவரை இந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். "ஒரு தடவ நானும் பாத்துடுறேன்"னு அம்மா கேட்டாங்க. அதற்காக மூன்று மாதமாக ராத்திரியில் உட்கார்ந்து வசனம் முழுக்கத் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

படம் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குப் புதிதாக வந்த ஆன், நான்கு வயது மகளை நர்சரிப் பள்ளியில் முதல் நாள் விட்டுவிட்டுப் போகிறாள். திரும்பி வந்தால் குழந்தையைக் காணோம். பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. விசாரிக்க வரும் சூப்பிரண்டெண்ட் நியூஹவுஸ்தான் ஒலிவியே. முடிவை யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

என் சிக்கல்கள்:

முதலாவது, நேரம். ஆரம்ப வசனம் சரியாக வருகிறது. அரை மணி நேரத்தில் எழுத்து ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதம், கடைசியில் நாலு நிமிடம். விஎல்சி பிளேயரில் ஜி, ஹெச் விசைகளை அழுத்திச் சரிசெய்தால் பத்து நிமிடம் தாங்குகிறது, மறுபடி விலகிவிடுகிறது. டிவிடி பிரிட்டனில் வாங்கியது. நான் அடிப்படையாக வைத்த ஆங்கில சப்டைட்டில் கோப்பு வேறொரு பதிப்புக்கானது.

இரண்டாவது, கோப்பைப் பென் டிரைவில் போட்டு டிவியில் ஓட்டினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியே நிற்கின்றன.

மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. குழந்தையின் செல்லப்பெயரைத் தமிழில் எழுதினால் 'பன்னி'. பதறி ஓடிவரும் தாய் "பன்னி எங்கே?" என்று கேட்பதாகத் திரையில் வந்தால் அம்மாவுக்கு அந்தக் காட்சியே கெட்டுப்போகும்.

ரீல்பெட்டி:
அக்கா, முதல் சிக்கல் நூறு பேர் மாட்டிக்கொள்ளும் இடம். கோப்பில் தப்பு இல்லை, டிவிடி வேகமாக ஓடுகிறது. சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். பிரிட்டனின் 'பால்' (PAL) என்ற டிவி முறைக்கு நொடிக்கு 25 வேண்டும். அதனால் 24 பிரேமில் எடுத்ததை அப்படியே 25இல் ஓட்டிவிடுவார்கள். 107 நிமிடப் படம் 102 நிமிடம் 43 நொடியில் முடிந்துவிடும். உங்கள் நாலு நிமிடம் அங்கேதான் போயிருக்கிறது. ஒலிவியேயின் குரலும் இந்த டிவிடியில் கொஞ்சம் மெலிந்து கேட்கும், கவனித்தீர்களா?

உறுதி செய்துகொள்ள ஒரு வழி. படத்தில் சுமார் 10ஆவது நிமிடத்தில் எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். 24, 25 நொடி இருந்தால் நான் சொன்னதுதான். ஆரம்பம் முதல் ஒரே அளவு தாமதம் என்றால் அது வேறு கேஸ், முன்னால் ஒட்டியிருக்கும் கம்பெனி முத்திரையின் நீளம். ஜி, ஹெச் அதற்குத்தான் உதவும்.

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, 'சேஞ்ச் ஃபிரேம் ரேட்' என்பதில் 23.976இலிருந்து (நடைமுறையில் 24தான்) 25 என்று கொடுங்கள். மூல கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். மூன்று மாத உழைப்பு.

கொம்பு பிரிவது டிவியின் குறை. பல டிவிகளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. லேப்டாப்பில் விஎல்சியில் ஓட்டி ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவிக்குக் கொடுங்கள். கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள்.

கீழ்த்தெரு_வாசகி:
தம்பி, 10ஆவது நிமிடத்தில் 25 நொடி! குரல் விஷயமும் உண்மை. என் காதுதான் அப்படியோ என்று நினைத்திருந்தேன். இன்று இரவே மாற்றுகிறேன். பெயர் விஷயத்துக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

தனிமரம்:
'முயல்குட்டி' என்று மொழிபெயர்த்துவிடலாமே? பொருளும் அதுதான்.

ஒற்றுப்பிழை:
முயல்குட்டி வேண்டாம். ஆன் சிறுவயதில் கற்பனையாக ஒரு தோழியை வைத்திருந்தாள், அவள் பெயரும் இதுவே என்று தெரியவரும்போதுதான் நியூஹவுஸின் சந்தேகம் வலுக்கிறது. அது கேட்டதும் பெயர் என்று படவேண்டும். கொஞ்சல் வார்த்தையாகப் பட்டால் அந்த இடம் வலுவிழந்துவிடும். ஓர் ஒற்றை எடுத்துவிடுங்கள்: 'பனி'. "பனி எங்கே?" "பனியைக் காணோம்." ஒலி சற்றே மாறுகிறது, ஆனால் உங்கள் அம்மா வாசிக்கப்போகிறவர். குழந்தைக்கு வைக்கக்கூடிய பெயராகவும் இருக்கிறது.

இன்னொரு விஷயம் கேட்கிறேன் அம்மா. ஆனோடு வரும் ஸ்டீவனை அவள் எப்படி அழைப்பதாக எழுதியிருக்கிறீர்கள்?

கீழ்த்தெரு_வாசகி:
"அண்ணா, சீக்கிரம் வா" என்றுதான். அண்ணன்தானே சார்?

ஒற்றுப்பிழை:
அதைத்தான் பயந்தேன். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.) முதலில் நாம் அவர்களைக் கணவன் மனைவி என்றே நினைக்கிறோம். சகோதரன் என்பது பிறகுதான் வெளிவரும். திரைக்கதை எழுதிய ஜான் மார்டிமரும் பெனலபி மார்டிமரும் தம்பதிகள். ஒரே வீட்டில் வாழும் இருவர் பேச்சு எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள், இரண்டு உறவுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பெயர் சொல்லி அழைத்தாலே போதும், உறவு மறைந்துவிடும். தமிழில் ஒரு 'அண்ணா' போதும் எல்லாம் போய்விட. 'வாங்க' என்று எழுதினால் அது பொய், கணவன் என்று நாமே சத்தியம் செய்த மாதிரி.

"ஸ்டீவன், வா" என்று மட்டும் எழுதுங்கள். அண்ணனுக்கும் பொருந்தும், இந்தக் காலத்துக் கணவனுக்கும் பொருந்தும். அவன் பேசுவதில் 'தங்கச்சி'யும் அந்த உண்மை வெளிவரும் இடம்வரை எட்டிப்பார்க்கக்கூடாது. அதேபோல 'மிஸஸ்', 'மிஸ்' வரும் இடங்களைத் 'திருமதி', 'செல்வி' என்று கவனமாகப் பிரித்தெழுதுங்கள். திருமணமாகாத தாய் என்பது 1965இல் போலீஸ்காரர் காதில் எப்படி விழும் என்பதும் கதையில் இருக்கிறது.

போலீஸார் வசனத்தில் "குழந்தை போச்சு", "அது எங்க இருந்துச்சு" என்று அஃறிணையில் எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டில் அன்பாக அப்படித்தான் பேசுகிறோம், ஆனால் அப்படி ஒரு குழந்தை உண்டா இல்லையா என்பதே கேள்வியாகிவிட்ட படத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். "அவள்" என்றே நியூஹவுஸ் கேட்கட்டும்.

ரீல்பெட்டி:
சார் சொன்னதைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. நாவலை வாசித்திருக்கிறேன், எவலின் பைப்பர் 1957இல் எழுதியது, அது நியூயார்க்கில் நடக்கிறது. படத்தில் ஊரே லண்டனாகிவிட்டது.

அக்கா, ஒரு சின்ன விஷயம். பப்பில் ஒலிவியேயும் ஆனும் பேசும்போது பின்னால் டிவியில் ஸாம்பீஸ் என்ற இசைக்குழு பாடும். பாட்டு வரிகளுக்கு எழுத்துப் போடாதீர்கள், பேச்சு விடுபட்டுப்போகும். கறுப்பு வெள்ளைப் படம் ஆதலால் வெளிச்சமான காட்சியில் வெள்ளை எழுத்து மறையும். 2.35க்கு 1 அளவு அகலத்திரை, கீழே கறுப்புப் பட்டை இருக்குமே, எழுத்தை அதற்குள் இறக்கிவிடுங்கள். ஒரு வரிக்கு முப்பது எழுத்துக்கு மேல் நான் போவதில்லை. பெரியவர்கள் வாசிக்க நேரம் வேண்டும்.

கீழ்த்தெரு_வாசகி:
நேரம் முழுக்கச் சரியாகிவிட்டது. கடைசி வசனம்வரை உதட்டோடு போகிறது. 'அண்ணா' எல்லாவற்றையும் எடுத்தேன், நாற்பதுக்கு மேல் இருந்தது. அஃறிணையில் பதினொன்று. குழந்தை 'பனி' ஆகிவிட்டாள்.

நேற்று ராத்திரி அம்மா முழுக்கப் பார்த்தாங்க. பொம்மைகளைச் சரிசெய்யும் கடைக்கு ஆன் விளக்கோடு போகும் இடத்தில் என் கையைப் பிடித்தவர்கள் விடவேயில்லை. அதற்கும் வெகு முன்னால், பள்ளிக்கூடத்தில் தேடும்போதே திரும்பிக் கேட்டாங்க: "ஏண்டி, அந்தப் புள்ளைய நாமளும் இன்னும் பாக்கலியே?" அப்பா இதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒற்றுப்பிழை சார், ஒரே ஒரு இடம் மிச்சம். வீட்டுக்காரர் வில்சன், அதான் நோயல் கவர்ட், குழைந்து குழைந்து பேசுவது என் தமிழில் ரொம்ப மரியாதையாக வந்துவிட்டது. அம்மா அவரை நல்ல மனுஷர் என்று நினைத்துவிட்டாங்க. அந்தக் காட்சியை மட்டும் அனுப்பினால் பார்த்துத் தருவீர்களா?

ஒற்றுப்பிழை:
அனுப்புங்கள் அம்மா. 'நீங்கள்' அப்படியே இருக்கட்டும், வினைச்சொற்களில்தான் கை வைக்கவேண்டியிருக்கும்.