முன்படி: பழைய இயக்கிக்குத் திரும்ப ஒரு சொல்

காரைக்குடியிலிருந்து:

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

திரைக்குப் படம் அனுப்பும் வரைகலை அட்டையை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்தான் அதன் இயக்கி. அதைப் புதுப்பித்த பிறகு கணினி நிலைகுலைந்தால் என்ன செய்வது என்று நாம் தமிழாக்கும் உதவிப் பக்கம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒரே ஒரு பொத்தானில் வந்து நிற்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ரோல் பேக் டிரைவர்', புதிய இயக்கியை விட்டு முந்தையதற்குத் திரும்புவது. இதுவரை வந்த சொற்கள் நான்கு: பின்னுருட்டு, மீட்டமை, தரமிறக்கு, முன்பதிப்புக்குத் திரும்பு. நான்குமே பொருந்தவில்லை என்பது என் எண்ணம். காரணத்துக்கு முன்னால், போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் சொல் அங்கேதான் கிடைத்தது.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி. வயது எழுபதுக்கு மேல். முகப்பில் நுழைந்து கட்டுக் கட்டாகக் கடந்தால் அடுத்த தெருவில் போய் இறங்குகிற வீடு, அதில் ஆச்சி ஒருவர்தான். பேரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது, தான் விளையாடிக்கொண்டிருந்த கணினியை ஆச்சிக்கு விட்டுப் போயிருக்கிறான். நல்ல வரைகலை அட்டை போட்டது. ஆச்சிக்கு அதில் ஒரே வேலை: மாலை 5 மணிக்குக் கொள்ளுப்பேத்தியைத் திரையில் பார்ப்பது. அங்கே அப்போது ஏழரை, குழந்தை தூங்கப்போகும் நேரம்.

அன்று காலையில் போன் வந்தது. "தம்பி, திரை ரெண்டு நொடி இருட்டாகுது, வருது, மறுபடி இருட்டாகுது. இப்ப நீலமா நின்னுபோச்சு."

அந்த 'ரெண்டு நொடி' எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. வரைகலை அட்டையிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் விண்டோஸ் அதன் பதிலுக்காக 2 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் அட்டை மாட்டிக்கொண்டது என்று முடிவுசெய்து இயக்கியைத் தானே மீளத் தொடங்கும். விண்டோஸ் விஸ்டா பதிப்புக் காலத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. மீளத் தொடங்க முடிந்தால் திரை ஒரு தடவை இருண்டு திரும்பிவிடும். முடியாவிட்டால் 116 என்ற நிறுத்தக் குறியோடு நீலத்திரை. ஆனால் இது மட்டும் இயக்கிமேல் குற்றம் சொல்லப் போதாது. அட்டை சூடேறினாலும், மின்வழங்கி தேவையான மின்சாரத்தைக் கொடுக்காவிட்டாலும் இதே அறிகுறிகள் வரும்.

"ஆச்சி, நேத்து ஏதாச்சும் புதுசா ஏத்தவான்னு கேட்டுச்சா?"

"ராத்திரி கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கணினியைப் பாதுகாப்புப் பயன்முறையில் (சேஃப் மோடு) ஏற்றினேன். அங்கே அட்டைக்கென்று வந்த இயக்கி ஏறாது, விண்டோஸின் அடிப்படைத் திரை இயக்கிதான் வேலை செய்யும். அரை மணி நேரம் அசையாமல் நின்றது. இதையும் நான் முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த முறையில் அட்டைக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை, சூடேற வாய்ப்பும் இல்லை. அதனால் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து 4101 என்ற எண்ணைத் தேடினேன். 'திரை இயக்கி பதில் தரவில்லை, மீண்டுவிட்டது' என்று விண்டோஸ் குறித்து வைக்கும் எண் அது. முந்தின நாள் இரவு வரை ஒன்றுகூட இல்லை. ஆச்சி சரி சொன்ன நேரத்துக்குப் பிறகு வரிசையாக இருந்தன. இதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் இந்தப் பதிவேட்டுச் சோதனை மூன்றாவது பத்தியில் ஒளிந்திருக்கிறது. அதை முதலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் வரைவை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பழைய இயக்கிக்குப் போகும் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால், நான்கு சொற்களையும் ஆச்சியிடம் காட்டி இதில் எது புரிகிறது என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்கள்.

'பின்னுருட்டு': எதை உருட்ட வேண்டும் என்று கேட்டார்கள். 'மீட்டமை': போட்டோவெல்லாம் போய்விடுமா என்று பயந்தார்கள். பேரன் ஒரு தடவை போனை மீட்டமைத்து எல்லாவற்றையும் அழித்திருக்கிறான். 'தரமிறக்கு': "தரத்தை எதுக்குப்பா இறக்கணும்?" 'முன்பதிப்பு' என்பதை முன்பதிவு என்றே வாசித்தார்கள். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன், இரண்டு தடவையும் அப்படித்தான்.

பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு. பழையபடி ஆக்கிக் குடுத்துருப்பா, அது போதும்."

பழையபடி. வீடு திரும்பும் வழி முழுக்க அந்தச் சொல்தான் மனதில் ஓடியது. அதில் உள்ள 'படி'க்கு விதம் என்று பொருள். ஆனால் நமக்குப் படி என்றால் நகலும்தான்: கையெழுத்துப்படி, அச்சுப்படி, படியெடுத்தல். ஏறி இறங்குகிற படியும் அதே சொல். மென்பொருள் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஒரு படி ஏறுகிறது, ஒவ்வொன்றும் ஒரு படியாக வட்டில் இருக்கிறது. ஆகவே நான் முன்வைக்கும் சொல் முன்படி. பொத்தானில் 'முன்படிக்குத் திரும்பு'.

ஆங்கிலச் சொல் உருளுகிற அசைவைச் சொல்கிறது. பயந்துபோய் உட்கார்ந்திருப்பவருக்கு அசைவு தெரிய வேண்டியதில்லை, எங்கே போய்ச் சேருவோம் என்பது தெரிந்தால் போதும். நம் சொல் அந்த இடத்தைச் சொல்லட்டும்.

இயக்கி என்றால் என்ன என்றும் ஆச்சி கேட்டார்கள். அவர்களுடைய மாமனார் ரங்கூனில் ஏஜெண்டாக இருந்தவர். முதலாளி இங்கே, கொடுக்கல் வாங்கல் அங்கே, நடுவில் இருந்து இரண்டு பக்கத்துப் பேச்சும் அறிந்து நடத்துகிறவர் ஏஜெண்டு, அதுபோல என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் 3 ஆண்டுக்கு ஒரு தடவை ஆள் மாறும். புதிதாகப் போனவருக்கு ஊர் பிடிபடாவிட்டால் கடை தடுமாறும். "அப்பப் பழைய ஆளையே வரச்சொல்லு" என்றார்கள். இந்த உவமையைப் பக்கத்தின் தொடக்கத்தில் இரண்டு வரியாகச் சேர்க்கலாமா? செட்டிநாட்டுக்கு வெளியே புரியுமா என்று தயங்குகிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

அன்று 5 மணிக்கு அழைப்பு வந்தது. திரை இருளவில்லை.

———

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் முப்பது ஆண்டு அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவள். எனக்குப் படி என்றதும் பயணப்படி, அகவிலைப்படிதான் முதலில் வருகிறது. முன்படி என்றால் முன்கூட்டியே கொடுத்த படிப்பணமோ என்று தோன்றும். 'பழம்படி' என்று வைத்தால் இந்தக் குழப்பம் வராது. ஆச்சி சொன்ன 'பழையபடி'க்கும் அதுதான் நெருக்கம்.

ஏஜெண்டு உவமை அருமை, ஆனால் சேர்க்க வேண்டாம். என் மகளுக்கே ஏஜெண்டு என்றால் காப்பீடு விற்பவர்தான்.

———

கோட்டையூரிலிருந்து:

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் மூன்று செய்திகள்.

முதலாவது புணர்ச்சி. முன் என்பதோடு பகல் சேர்ந்தால் முற்பகல், பிறவி சேர்ந்தால் முற்பிறவி. அந்த வழியில் 'முற்படி' என்று வர வேண்டும் என யாராவது எழுதுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். முற்படுதல் என்ற வினை முந்திக்கொண்டு நினைவுக்கு வரும், பொருள் நேர்மாறாகிவிடும். முன்பணம், முன்பதிவு எல்லாம் திரியாமல் வழங்குகின்றனவே, அந்த வரிசையில் முன்படியும் நிற்கட்டும்.

இரண்டாவது, படி என்பது ஏவலும் ஆகும். திரையில் இடம் போதாமல் 'முன் படி' என்று பிரிந்துவிட்டால் 'முதலில் வாசி' என்று பொருள்படும். கட்டாயம் சேர்த்தே எழுதுங்கள். உருபு ஒட்டி 'முன்படிக்கு' என்று வந்துவிட்டால் பெயர்ச்சொல்லாக மட்டுமே நிற்கும், அச்சமில்லை.

மூன்றாவது, நம் குழுவின் உரையாடல் இழையில் 'தரமிறக்கு' என்பதற்கு மாற்றாக 'கீழ்ப்படிக்கு இறங்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழ்ப்படிதல் என்றால் பணிதல். அதை வேண்டாம் என்றே சொல்வேன்.

படி என்பதை நகல் என்ற பொருளில் எடுத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. எங்கள் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா பழைய அச்சுப் படிகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்தார். அந்தத் திரட்டுதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. புதுப் பதிப்பு வந்துவிட்டதே என்று முந்தைய படியைத் தூக்கி எறியாத ஊர்க்காரன் நான்.

———

காரைக்குடியிலிருந்து:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி.

அக்கா, பழம்படியை மூன்று நாள் யோசித்தேன். ஒரே ஒரு காரணத்தால்தான் முன்படியில் நிற்கிறேன். விண்டோஸின் சாதன மேலாளரில் (டிவைஸ் மேனேஜர்) இருக்கிற இந்தப் பொத்தான் உங்களை எந்தப் பழைய இயக்கிக்கும் கொண்டுபோகாது. இப்போது இருப்பதற்கு நேர் முன்னால் இருந்த ஒன்றுக்குத்தான் கொண்டுபோகும். 'பழம்' என்றால் எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம், 'முன்' அந்த ஒன்றை மட்டும் சுட்டுகிறது. இன்னொன்று: முந்தைய இயக்கி சேமிப்பில் இல்லாவிட்டால் பொத்தான் மங்கலாகக் கிடக்கும், அமுக்க வராது. எனக்கு வருகிற போன்களில் பாதி இதைப் பற்றித்தான், பொத்தான் கெட்டுப்போய்விட்டது என்பார்கள். இப்போது அந்த இடத்தில் 'முன்படி இல்லை' என்று இரண்டே சொல்லில் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

பழம்படியையும் கைவிட வேண்டாம். மங்கலாக இருந்தால் அடுத்த வழி, இப்போதுள்ள இயக்கியை நீக்கிவிட்டு, அட்டை நிறுவனத்தின் தளத்தில் பழைய வெளியீடுகளில் ஒன்றைத் தேர்ந்து நிறுவுவது. பலவற்றில் ஒன்றைத் தேர்கிற அந்த இடத்துக்குப் 'பழம்படிகள்' பொருத்தமாக இருக்கிறது. லினக்ஸில் தொகுப்பின் பழைய வெளியீட்டைத் தேர்ந்து நிறுவுவதற்கும் அதுவே சரி. இரண்டு சொல்லுக்கும் இரண்டு வேலை இருக்கிறது.

அலுவலகப் படி பற்றிய உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் இந்தச் சொல் எப்போதும் 'இயக்கி' என்ற தலைப்பின் கீழேதான் வரும். சம்பளப் பட்டியலில் இதை யாரும் சந்திக்கப் போவதில்லை. ஏஜெண்டு உவமையை எடுத்துவிடுகிறேன்.

ஐயா சொன்னபடி சேர்த்தே எழுதுவோம், பொத்தானில் இரண்டு சொல்லும் வரி மாறிப் பிரியாமல் காக்கும் முறியாத இடைவெளி தேவைப்பட்டால் வடிவமைப்பவரிடம் சொல்கிறேன். 'ரோல் பேக்' என்ற பெயர்ச்சொல்லுக்குத் தனியாக ஒரு சொல் வேண்டுமா என்று இழையில் கேட்டிருந்தார்கள். 'முன்படிக்குத் திரும்புதல்' என்றே இருக்கட்டும். நீளம்தான், ஆனால் முதல் தடவை வாசிப்பவருக்கும் விளங்கும்.

பக்கத்தில் போகும் வரிகள் இவை:

'புதுப்பித்த பிறகு திரை அடிக்கடி இருண்டு திரும்பினாலோ நீலத்திரை வந்தாலோ, முதலில் நிகழ்வுப் பதிவேட்டில் 4101 எப்போது தொடங்கியது என்று பாருங்கள். புதுப்பித்த நாளோடு ஒத்துப்போனால், சாதன மேலாளரில் வரைகலை அட்டையின் பண்புகளைத் திறந்து, இயக்கி என்ற தாவலில் முன்படிக்குத் திரும்பு என்பதை அமுக்குங்கள். ஏன் திரும்புகிறீர்கள் என்று கேட்கும், ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் படங்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். பொத்தான் மங்கலாக இருந்தால் முன்படி இல்லை என்று பொருள். அப்போது கீழே பழம்படிகள் என்ற பகுதிக்குப் போங்கள். முன்படிக்குத் திரும்பிய பிறகும் அதே புதுப்பிப்பு மறுபடி வந்து ஏறக்கூடும். அடுத்த சில நாள் கவனமாக இருங்கள்.'

படங்கள் பற்றிய வரி ஆச்சிக்காகச் சேர்த்தது, ஆங்கில மூலத்தில் கிடையாது. அதை மட்டும் யாரும் வெட்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு வரை மறுப்பு வராவிட்டால் ஏற்றிவிடுகிறேன். திங்கட்கிழமை கானாடுகாத்தான் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, புது அச்சை ஆச்சியிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன்.