‘ஜானே பி தோ யாரோ’: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வாக்குவாதம்

ஞாயிறு, இரவு 9:42

அண்ணன்: நீங்கள் சொன்ன ‘ஜானே பி தோ யாரோ’ இந்திப் படத்தைப் பார்த்து முடித்தாச்சு அப்பா. நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒட்டவில்லை.

அப்பா: எந்த இடத்திலிருந்து?

அண்ணன்: பாதிக்கு மேல். முதல் பாதி நன்றாகத்தான் போனது. இரண்டு போட்டோகிராபர்கள், ஸ்டூடியோ திறந்தால் ஓர் ஆள் வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பத்திரிகைக்காக ஒளிந்து ஒளிந்து படம் எடுக்கிறார்கள். பூங்காவில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதில் ஒரு கொலை. கொன்றவர் பெரிய பில்டர். அதுவரை பிடித்து உட்கார வைத்தது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்த பிறகு ஆண்டு விழா நாடகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், விழுகிறார்கள்.

தம்பி: அண்ணா, அந்த மகாபாரத மேடையைப் பார்த்து எனக்கு வயிறே வலித்துவிட்டது! திரௌபதி சேலைக்குள் பிணம். யார் யாரோ வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். துரியோதனன் துகில் உரிக்கும் யோசனையையே கைவிட்டேன் என்கிறான். கண் தெரியாத திருதராஷ்டிரன் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நடுவில் அக்பர் வேறு வந்து நிற்கிறார்.

அத்தை: எனக்குச் சிரிப்பே வரவில்லை. செத்துப்போன மனிதருக்குச் சேலை சுற்றி மேடையில் நிறுத்துவதில் என்ன வேடிக்கை இருக்கிறது?

சித்தப்பா: அக்கா, ‘மகளிர் மட்டும்’ படத்தில் நாகேஷ் பிணமாக வந்தபோது நீ சிரிக்கவில்லையா?

அத்தை: சிரித்தேன்டா. அந்தப் பெண்கள் பயந்து நடுங்கிக்கொண்டே செய்வார்கள். அவர்கள் பயத்தைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு வந்தது. இங்கே பயம் யாருக்கு இருக்கிறது? பில்டர் ஒரு பக்கம் இழுக்கிறான், எதிரி பில்டர் ஒரு பக்கம் இழுக்கிறான், போலீஸ், பத்திரிகைக்காரி எல்லோரும் இழுக்கிறார்கள். இறந்தவர் யார், அவருக்கு வீட்டில் அழுவதற்கு ஆள் உண்டா என்று ஒருவராவது கேட்டார்களா?

நான்: அத்தை, அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டீர்கள் பாருங்கள், படம் நம்மிடமிருந்து எதிர்பார்ப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். டிமெல்லோ உயிரோடு இருந்தபோதும் அவரை யாரும் மனிதராகப் பார்க்கவில்லை. முனிசிபல் கமிஷனர், கையெழுத்துப் போடும் கை, அவ்வளவுதான். செத்த பிறகு அதே ஆள் கொலைக்குச் சாட்சியாகிவிடுகிறார். அதனால் ஆளாளுக்கு அவர் வேண்டும். மேடையில் நடக்கிற இழுபறி, மேம்பால டெண்டருக்காக பில்டர்கள் நடத்திய அதே இழுபறிதான்.

அத்தை: நீ சொல்வது புரிகிறது. ஆனாலும் பார்க்க மனம் ஒப்பவில்லை.

அப்பா: அது நியாயம்தான். சதீஷ் ஷா அந்தப் பிணமாக எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார் என்பதை மட்டும் ஒத்துக்கொள். உடம்பில் உயிர் இல்லை என்று நம்ப வைத்துக்கொண்டே, சக்கரம் கட்டிய காலோடு உருள வேண்டும், மேடையில் நிற்க வேண்டும், பத்துப் பேர் இழுக்கிற இழுப்புக்கெல்லாம் வளைந்துகொடுக்க வேண்டும். லேசில் வருகிற வேலை இல்லை.

அண்ணன்: நடிப்பைப் பற்றி எனக்கும் புகார் இல்லை. நசீருதீன் ஷா, ரவி பஸ்வானி, பங்கஜ் கபூர், ஓம் பூரி, எல்லோரும் கெட்டிக்காரர்கள். என் புகார் வேறு. நையாண்டி என்றால் குறி துல்லியமாக இருக்க வேண்டும். ஊழல் செய்கிறவர்களை இப்படிக் கோமாளிகளாகக் காட்டினால் அவர்கள் சின்ன ஆட்களாகிவிடுகிறார்கள். நிஜத்தில் அவர்கள் கோமாளிகள் இல்லை. அமைதியாக, சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே திருடுகிறவர்கள். அவர்களைப் பார்த்து இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு வந்தால் கோபம் தணிந்துபோய்விடாதா?

சித்தப்பா: நல்ல கேள்வி.

நான்: கடைசிக் காட்சியைப் பார்த்த பிறகும் உனக்குக் கோபம் தணிந்ததா அண்ணா?

அண்ணன்: கடைசிக் காட்சி நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை. அது வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டியது போல இருக்கிறது என்கிறேன்.

சித்தி: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஒட்டியது போலவா? எனக்கு அந்த முடிவு முதலிலிருந்தே வந்துகொண்டிருந்தது. நீங்கள் யாரும் ஷோபாவைப் பற்றிப் பேசவே இல்லையே.

தம்பி: பத்திரிகை ஆசிரியரா அம்மா?

சித்தி: ஆமாம், பக்தி பர்வே நடித்தாரே, அவர்தான். எனக்கு அந்தப் படத்தில் பில்டரைவிட அவரைக் கண்டுதான் பயம். தர்னேஜா கெட்டவன் என்று பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது, அவனிடம் நாம் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஷோபா பேசுவதெல்லாம் உண்மை, ஊழல், அம்பலப்படுத்துவோம் என்கிற பேச்சு. அந்தப் பையன்கள் அவரை எவ்வளவு நம்புகிறார்கள்! உயிரைப் பணயம் வைத்துப் படம் எடுத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவரோ அதை அச்சில் ஏற்றாமல், அதை வைத்துத் தர்னேஜாவிடம் பேரம் பேசுகிறார். வில்லனை எதிர்க்க வேண்டிய ஆளே கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்த நொடியிலேயே இந்தப் பையன்களுக்கு இனி போக்கிடம் கிடையாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு அப்புறம் அவர்கள் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தேன், ஆனால் அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருந்தது. மற்ற நகைச்சுவைப் படங்களில் ஓடிப்போய்ச் சேர ஓர் இடம் இருக்கும், போலீஸ் ஸ்டேஷனோ, நல்ல அதிகாரியோ, கோர்ட்டோ. இதில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அதே கூட்டம்தான் இருக்கிறது.

நான்: சித்தி, இதை நான் யோசிக்கவே இல்லை. அருமை.

அப்பா: இதைத்தான் இத்தனை வருஷமாக இந்த வீட்டில் யாராவது சொல்வார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, இரவு 10:15

சித்தப்பா: பாலம் விஷயத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அது என் தொழில். இறந்த கமிஷனர் பெயரிலேயே ஒரு மேம்பாலம் திறக்கிறார்கள். அவர் பிணத்தையே அதன் கீழே புதைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாலம் கொஞ்ச நாளில் இடிந்து விழுகிறது. சினிமாவுக்காக மிகைப்படுத்திவிட்டார்கள் என்று தோன்றும். காங்கிரீட்டில் சிமெண்டைக் குறைத்தால் அன்றைக்கே வெளியே தெரியாது. பார்வைக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். ஊற்றும்போதே அந்தக் கலவையில் க்யூப், அதாவது சின்னச் சோதனைக் கட்டி, எடுத்து வைத்து, 28 நாள் தண்ணீரில் ஊற வைத்து, அப்புறம் மிஷினில் வைத்து உடைத்துப் பார்த்தால்தான் பலம் தெரியும். அந்த க்யூபை மட்டும் நல்ல கலவையில் போட்டு வைத்துவிட்டால்? காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சைட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, சின்னப் பையன் வேலையைப் பார் என்றார்கள். அடுத்த வாரமே என்னை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் படத்தில் பாலம் விழுந்ததற்கு யாரைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்? போட்டோ எடுத்த பையன்களை! அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோமாளிப் படம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அண்ணன்: சித்தப்பா, நான் படத்தின் விஷயத்தைக் குறை சொல்லவில்லை. சொன்ன விதத்தைத்தான் சொல்கிறேன்.

சித்தப்பா: புரிகிறதுடா. உன் மேல் கோபம் இல்லை.

தம்பி: பெரியப்பா, இந்தப் படம் வந்தபோது ஓடியதா?

அப்பா: 1983இல் வந்தது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில், 7 லட்சம் ரூபாய்க்கும் குறைவான செலவில் எடுத்தார்கள். பெரிய படங்களுக்கு நடுவில் தியேட்டரில் சத்தமில்லாமல் வந்து போனது. பிறகு தூர்தர்ஷனில் போடப் போட ஆட்கள் சேர்ந்தார்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான். அன்றைக்கும் நம் வீட்டில் இதே சண்டை. உங்கள் தாத்தா பாதியில் எழுந்து போய்விட்டார், பாட்டி கடைசிவரை பார்த்தார். இயக்குநர் குந்தன் ஷாவுக்கு அது முதல் படம். புதுமுக இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. 2015இல் அந்த விருதைத் திருப்பிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2017இல் காலமாகிவிட்டார்.

அப்பா: இன்னொன்று. அனுபம் கெர் இந்தப் படத்தில் டிஸ்கோ கில்லர் என்று ஒரு பாத்திரத்தில் நடித்திருந்தார். படம் ரொம்ப நீண்டுவிட்டதால் அவர் வந்த பகுதியையே வெட்டிவிட்டார்கள்.

அண்ணன்: இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் அப்பா.

அப்பா: எதை வெட்டுவாய், சொல்.

அண்ணன்: அந்தத் தொலைபேசிக் காட்சியை. ஒரே அறையில் நின்றுகொண்டு இரண்டு பேர் போனில் பேசி, வயரில் சிக்கிக்கொள்கிறார்களே. கதைக்கு அது எதற்கு?

தம்பி: ஐயோ, அதை வெட்டாதே அண்ணா!

நான்: அதை விட்டுவிடலாம், நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓம் பூரி நடுரோட்டில் சவப்பெட்டியோடு பேசும் காட்சியை வெட்டுவாயா?

அண்ணன்: இல்லை. அது நல்ல காட்சி.

நான்: ஏன் நல்ல காட்சி?

அண்ணன்: ஓம் பூரி நடித்த அந்த எதிரி பில்டர் அஹூஜா குடித்திருக்கிறார். சவப்பெட்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைக்கிறார். உள்ளே இருப்பவர் பதில் பேசவில்லை என்று கோபப்படுகிறார், பிறகு இரக்கப்பட்டு உதவி செய்கிறார். அவசரமே இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். அந்த ஒருவர்தான் படம் முழுவதிலும் டிமெல்லோவிடம் மனிதரிடம் பேசுவது போலப் பேசுகிறார்.

நான்: அண்ணா, அத்தை கேட்ட கேள்விக்கு நீயே பதில் சொல்லிவிட்டாய். உயிரில்லாத ஆளிடம் ஒருவர் அக்கறையாகப் பேச வேண்டுமானால் அவர் நிதானம் இழந்திருக்க வேண்டும். இதையெல்லாம் வசனமாகச் சொல்லியிருந்தால் நமக்கு மனதில் நின்றிருக்காது. அதனால்தான் இந்தப் படத்தின் கிறுக்குத்தனத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் படங்களில் ஊழல் பற்றிய கதை என்றால் கடைசியில் கதாநாயகன் கோர்ட்டில் நின்று பத்து நிமிடம் பேசுவான். கேட்டுவிட்டுக் கைதட்டுவோம், அதோடு சரி. இதில் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் கூட்டமும் கைதட்டுகிறது. கண்ணெதிரே ஒரு கொலையின் சாட்சியைப் பிய்த்து எடுக்கிறார்கள், அவர்களுக்கு அது நாடகம். நாமும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். சிரித்து முடித்த சூட்டோடு சிறை உடுப்பில் அந்த இரண்டு பேரையும் காட்டும்போது, நாம் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று உறைக்கிறது. நடுப்பகுதி அவ்வளவு வேடிக்கையாக இல்லாவிட்டால் அந்த முடிவு வெறும் சோகமாகப் போயிருக்கும்.

அண்ணன்: நீ சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்படி நடக்கவில்லையே. நான் சிரிக்காமல்தானே உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதவனுக்கு அந்த முடிவு எப்படி உறைக்கும்?

சித்தி: இது சரியான பேச்சு. சிரிப்பு வராதவர்களுக்கு இந்தப் படம் பாதிதான் வேலை செய்யும்.

நான்: ஆமாம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

அத்தை: எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் முடிவு உறைத்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அப்பா: சொல்லு, கேட்கிறோம்.

அத்தை: முதலில் கடை திறந்தபோது இரண்டு பேரும் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ பாடுவார்கள். ஒரு நாள் ஜெயிப்போம் என்று. எவ்வளவு நல்ல பையன்கள். கடைசியில் அதே பாட்டு வருகிறது, அவர்கள் சிறை உடுப்பில் ஊருக்குள் நடந்து வருகிறார்கள், நம்மைத் திரும்பிப் பார்த்துக் கழுத்தை அறுப்பது போலச் சைகை காட்டுகிறார்கள். நான் டிவியை நிறுத்திவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் செய்த தப்புதான் என்ன? படம் எடுத்தது ஒரு தப்பா? எனக்குப் படம் பிடிக்கவில்லை என்று சொன்னேன். மறுபடி பார்க்கவும் மாட்டேன். அதற்காக அது மோசமான படம் என்று நான் சொல்லவில்லை.

சித்தப்பா: அக்கா, நீ எல்லோரையும்விட ஒழுங்காகப் பார்த்திருக்கிறாய்.

அண்ணன்: அப்போது பிடிக்காதவர்கள் பக்கம் நானும் அத்தையும் மட்டும்தானா?

அத்தை: நான் உன் பக்கம் இல்லையப்பா. உனக்கு நீளம் பிரச்சினை, எனக்கு அந்தச் சேலை பிரச்சினை.

தம்பி: வெள்ளிக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து இன்னொரு தடவை பார்க்கப் போகிறேன். பத்துப் பேராக உட்கார்ந்து பார்த்தால் அந்த மேடைக் காட்சி இன்னும் நன்றாக இருக்கும்.

அப்பா: தாராளமாகப் பார். நல்ல பிரதியாகத் தேடி எடு. 2012இல் சரிசெய்து தியேட்டரில் மறுபடி வெளியிட்டார்கள், பழைய டிவிப் பதிவைவிட எவ்வளவோ தெளிவாக இருக்கும்.

சித்தி: முடிவை மட்டும் யாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடாதே. காமெடிப் படம் என்று மட்டும் சொல்.