அப்டேட்: அப்பாவுக்கு கேர் கோஆர்டினேட்டர் வெச்சு மூணு மாசம் ஆச்சு

முன்னாடி கேட்டிருந்தேனே, ஸ்ட்ரோக் வந்த அப்பாவுக்கு சுகர், கிட்னி, ஹார்ட்னு ஆளுக்கொரு டாக்டர், வீட்டுக்கு நர்ஸும் வராங்க, இதுல இவங்க எல்லார்கிட்டயும் பேசி மருந்து, அப்பாயிண்ட்மென்ட்லாம் ஒண்ணா பாத்துக்கற கோஆர்டினேட்டருக்கு வேற தண்டம் அழணுமான்னு. பாதி பேர் வேண்டாம்னு தான் சொன்னீங்க. வெச்சுட்டோம்.

அந்தம்மா முதல் நாள் வந்து பிபி கூட பாக்கல, மருந்து டப்பாவ அப்படியே கட்டில் மேல கவுத்து, ஒவ்வொரு அட்டையா பின்பக்கம் திருப்பி, பிராண்ட் பேர விட்டுட்டு உள்ள இருக்கற மருந்து பேர மட்டும் நோட்ல எழுதினாங்க, பாத்தா டெல்மிசார்டன்ங்கற ஒரே பிபி மருந்து ரெண்டு வேற பிராண்ட் பேர்ல இருக்கு, ஹார்ட் டாக்டர் எழுதினது ஒண்ணு கிட்னி டாக்டர் எழுதினது ஒண்ணு, அப்பா ரெண்டையும் முழுங்கிட்டு இருந்திருக்கார், எழுந்து நின்னா தலை சுத்துதுன்னு சொன்னப்போ நாங்க வயசாச்சுன்னு விட்டுட்டோம் 🤦 முட்டி வலிக்கு நானே வாங்கிக் குடுத்த டைக்ளோஃபினாக் கிட்னிக்கு ஆகாதாம், செம திட்டு எனக்கு. ஆனா அவங்களா எதையும் நிறுத்தல, டாக்டர்ங்ககிட்ட பேசி அவங்க சொன்னப்புறம் தான்.

கொறைன்னா ஞாயித்துக்கிழமை போன் எடுக்க மாட்டாங்க, நர்ஸுக்கும் இவங்களுக்கும் ஆகாது.

மக்களைத் தேடி மருத்துவம் பத்தி கேட்டவருக்கு: 2021ல ஆரம்பிச்ச கவர்மென்ட் ஸ்கீம், பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோவும் உண்டு, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க.

அடுத்த வாரம் போரூர், அடையார் ரெண்டு அப்பாயிண்ட்மென்ட்டும் ஒரே நாள்ல போட்டுக் குடுத்திருக்காங்க, டிராஃபிக் தான் பயமா இருக்கு.