கேசட் பாட்டுக்கு ஸ்ருதியும் கார்டும் பிடிக்க உதவுங்க

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதறேன். அத்தை ஆர்மோனியம் வச்சுப் பாடின தாலாட்டு ஒரே ஒரு கேசட்ல இருக்கு. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு குடும்பமே ஏற்காடு போறோம், அங்க வச்சு அத்தை முன்னாடி கிட்டார்ல வாசிக்கணும்.

சிக்கல் என்னன்னா, பாட்டோட ஸ்ருதி டி-க்கும் (D) ஈ ஃபிளாட்டுக்கும் (E♭, டி-க்கு அரை ஸ்வரம் மேல) நடுவுல தொங்குது. ஆர்மோனியம் பொதுவா அப்படி நிக்காது, ஆக டேப் வேகம்தான் தப்பா இருக்கணும். அரை ஸ்வரத்துக்கு வேகம் சுமார் 6 சதவீதம் மாறணும், இங்க 3 சதவீதம்தான் பிசகு. பெல்ட் தளர்ந்து மெதுவா ஓடுதுன்னா நிஜம் ஈ ஃபிளாட். பதிவு பண்ணினப்பவே டேப் மெதுவா ஓடியிருந்தா நிஜம் டி. எப்படித் தெரிஞ்சுக்கறது?

இப்போதைக்கு டி-க்கு இறக்கி வச்சிருக்கேன். வரி முடிஞ்சு சா-வுல உட்கார்ற இடம் தெளிவா கேக்குது. டி மைனர், சி, பி ஃபிளாட்னு மூணு கார்டும் (chord, சேர்த்து மீட்டற ஸ்வரங்கள்) கச்சிதமா பொருந்துது. திரும்பி சா-வுக்கு வர்றதுக்கு முந்தின கார்டுலதான் மாட்டிக்கிட்டேன். நிஷாதம் (நி ஸ்வரம்) கைசிகின்னா (தாழ்ந்த நி, நடபைரவி ராகம் மாதிரி) ஏ மைனர், காகலின்னா (அரை ஸ்வரம் உயர்ந்த நி, கீரவாணி ராகம் மாதிரி) ஏ மேஜர். சரியா அந்த இடத்துலதான் தெருவுல ஒரு பஸ் ஹாரன் அடிச்சுத் தொலைக்குது!

30 செகண்ட் துண்டு போட்டிருக்கேன், ஹெட்போன்ல கேட்டுச் சொல்லுங்க. ஆப் மட்டும் வேண்டாம் அண்ணா, மூணு ஆப்பும் மூணு கார்டு சொல்லுச்சு.