மறு: பவுண்டரி அட்ஜஸ்டட் பாப்புலேஷன் – "ஒத்தெல்லைத் தொகை" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மாவட்ட எல்லை மாறிக்கிட்டே இருக்கதால, எல்லா வருச மக்கள்தொகையையும் ஒரே வருச எல்லைக்கு மாத்திப் போடுற கணக்கத்தான் இங்கிலீஷ்ல பவுண்டரி அட்ஜஸ்டட் பாப்புலேஷன்ங்கிறாக, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லுன்னுதான் இங்க பேச்சு. அண்ணன் ஒருத்தரு "எல்லைத் திருத்த மக்கள்தொகை"ன்னு போட்டிருந்தாரு, எனக்கு ஒட்டல. எல்லைத் திருத்தம்னா தாலுகாவ பிரிச்சு அரசாணை போடுறதுதான, ஆனா இங்க நாம திருத்தப்போறது எண்ணத்தான், எல்லைய தொடவே போறதில்ல.

1901 சென்சஸ்ல மதுரை மாவட்டம் 28 லட்சத்து 31 ஆயிரம், 2011-ல 30 லட்சத்து 38 ஆயிரம், ரெண்டையும் அப்படியே ஒரே டேபிள்ல வெச்சா 110 வருசத்துல ரெண்டு லட்சம் பேருதான் கூடியிருக்காகன்னு ஆகும், ஆனா 1901-ல 1,05,984 பேரு இருந்த மதுரை டவுன் மட்டுமே பத்து லட்சத்த தாண்டிருச்சு, பெறகு எப்படி? அன்னைக்கு ராமநாதபுரம், சிவகங்கை ஜமீனு, திண்டுக்கல், பழனி, பெரியகுளம் எல்லாம் மதுரை ஜில்லாவுக்குள்ளதான் கெடந்துச்சு. 1910-ல ராமநாதபுரம் போச்சு, 1985-ல திண்டுக்கல், 90-கள்ல தேனி. எங்கம்மா ஊரு போடி, அவுக கல்யாணப் பத்திரிகைல மதுரை மாவட்டம்னு அடிச்சிருக்கு, என் பத்திரிகைல தேனி மாவட்டம், வீடு என்னமோ அதே தெருவுலதான் இருக்கு.

அதுக்காக எல்லாத்தையும் எல்லை மேல போட்றக் கூடாது. மெட்ராஸ் மாகாணத்துக்கே 1871-ல 3 கோடியே 12 லட்சம், 1881-ல 3 கோடியே 8 லட்சம், நடுவுல தாது வருசப் பஞ்சம். பழைய கணக்க தாலுகா வாரியா பிரிச்சு, இன்னைய மாவட்டத்துக்குள்ள விழுகுறத மட்டும் கூட்டுனாத்தான் எது பஞ்சத்துல கொறஞ்சது எது அரசாணைல கொறஞ்சதுன்னு தெரியும்.

சரி, சொல்லுக்கு வாரேன். "எல்லை ஒப்பித்த தொகை"ன்னு தம்பி சொன்னது, கேட்டதும் கைய கட்டிட்டு திருக்குறள் ஒப்பிச்சதுதான் ஞாபகம் வருது. "மறுவரையறை"ய எலெக்ஷன் தொகுதிக்கு எடுத்துட்டாக. அதான் ஒத்தெல்லைத் தொகை, ஒத்த எல்லைக்கு கணக்கு போட்ட தொகை. எங்க பக்கம் ஒத்தன்னா ஒண்ணுன்னுல்ல அர்த்தம், குழப்பம் வராதான்னு கேப்பீக. மதுரை பக்கத்துல இருக்க ஒத்தக்கடைங்கிற ஊருக்கு பஸ் ஏறுற ஆளு இத ஒரே எல்லைன்னு புரிஞ்சுக்கிட்டா அதுவும் சரிதான, எல்லா வருசத்துக்கும் நாம போடுறது ஒரே எல்லைதான?

எந்த வருச எல்லைன்னு முன்னால கட்டாயம் சேக்கணும், "2011 ஒத்தெல்லைத் தொகை"ங்கிற மாதிரி. எல்லைக்கும் தொகைக்கும் நடுவுல "த்" உறுத்துதுன்னா சொல்லுங்க, ஆனா எனக்கு அது வேணும்னுதான் தோணுது.