வெட்டுக்காயப் பூண்டுப் பூவில் இருப்பது தேனீயா, ஈயா?

கொல்லைப்புறம்: இரண்டு படம் போட்டிருக்கிறேன்: ஒன்று மேலிருந்து, ஒன்று பக்கவாட்டில். வயிற்றில் மஞ்சள் வரி, முதுகில் நீளவாக்கில் கோடுகள், கண்ணில் புள்ளிகள். கொம்புத் தேனீ என்று தலைப்பிட்டேன். சரியா?

சிறகன்: இல்லை, ஹோவர் ஃப்ளை, தேனீபோல் தோற்றமளிக்கும் ஓர் ஈ. சிறகை எண்ணினாலே போதும். தேனீக்கு நான்கு, ஈக்கு இரண்டு.

நரம்புநோக்கி: முடிவு சரி, காரணம் தப்பு. உட்கார்ந்த தேனீயின் பின்சிறகு முன்சிறகுக்கு அடியில் மறைந்துவிடும். பறக்கும்போது நுண்கொக்கிகள் இரண்டையும் மாட்டி ஒரே சிறகாகக் காட்டும். படத்தில் எண்ணி ஏமாந்தவர்கள் நிறைய. உணர்கொம்பைப் பாருங்கள். தேனீக்கு முழங்கைபோல் மடங்கி நீண்டிருக்கும். இதற்கு முகத்தில் ஒரு குட்டை முளை, அதன்மேல் ஒற்றை மயிர், அவ்வளவுதான். பின்னங்காலில் மகரந்த உருண்டையும் இல்லை. உடம்பு மயிரில் ஒட்டிய தூள் கணக்கில் வராது.

சிறகன்: சரிங்க, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எரிஸ்டாலினஸ் அர்வோரம் என்று முடித்துவிடலாமே? புள்ளிக் கண், கோடு போட்ட முதுகு. படத்தைப் பார்த்து இனம் சொல்லும் செயலியும் அதைத்தான் சொல்கிறது.

நரம்புநோக்கி: செயலி சொல்வது யூகம். பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம், எரிஸ்டாலினஸ்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதுகுக் கோடு மட்டும் இனத்தைச் சொல்லாது. இதே பேரினத்தில் குயின்குவிஸ்ட்ரியேட்டஸ் என்ற இன்னொரு இனமும் இருக்கிறது. பெயருக்கே 'ஐந்து கோடு' என்றுதான் பொருள். போதாக்குறைக்கு இடது கண்ணில் ஃப்ளாஷ் வெளிச்சம் விழுந்து பாதிப் புள்ளிகள் அழிந்துபோயிருக்கின்றன.

சிறகன்: எல்லாவற்றையும் பேரினத்திலேயே நிறுத்தினால் பதிவு எதற்கு? இஸ்கியோடான் என்ற இன்னொரு ஹோவர் ஃப்ளை பேரினம் வந்தால் ஸ்குடெல்லாரிஸ் இனம் என்று நீங்களே ஒரு படத்தை வைத்துச் சொல்வீர்கள்.

நரம்புநோக்கி: சொல்வேன். நம் ஊரில் அந்தப் பேரினத்துக்குக் குழப்ப வேறு ஆள் இல்லை. எரிஸ்டாலினஸில் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். தோட்டக்காரருக்கு வேண்டியதைப் பேரினமே சொல்லிவிடும். எரிஸ்டாலினஸ் புழு அழுகல் தண்ணீரில் வால் போன்ற மூச்சுக்குழாயை நீட்டிக்கொண்டு வளர்வது. அசுவினியைத் தின்பது இஸ்கியோடான் புழு. மாற்றிச் சொன்னால், அவரைக்கொடியில் அசுவினி ஒழியும் என்று சும்மா காத்திருப்பார்.

கொல்லைப்புறம்: இரண்டையும் படத்தில் எப்படிப் பிரிப்பது?

நரம்புநோக்கி: சிறகு நரம்பு. எரிஸ்டாலினஸில், சிறகு நுனியை நோக்கிப் போகும் நரம்பொன்று நடுவில் தொட்டில்போல் ஆழமாகத் தொய்யும். இஸ்கியோடானில் அந்தத் தொய்வு இல்லை. ஏறக்குறைய நேராகப் போகும்.

சிறகன்: அது தெரிய வேண்டுமானால் சிறகு விரிந்திருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், ஈ மந்தமாக இருக்கும்போது எடுங்கள். ஷட்டர் 1/1000 நொடி, துளை எஃப் 8, ஃப்ளாஷ் வேண்டாம். வெள்ளை இதழ் பின்னால் வந்தால் நரம்பு பளிச்சென்று தெரியும்.

நரம்புநோக்கி: இதில் நமக்குள் சண்டையில்லை. முகத்துக்கு நேரே ஒன்றும் எடுங்கள். இந்தப் பேரினத்தில் கண்கள் உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண், இடைவெளி இருந்தால் பெரும்பாலும் பெண். பறந்துவிட்டால் துரத்தாதீர்கள், பெரும்பாலும் அதே பூப்பக்கம் திரும்பி வரும். அதுவரை தலைப்பை 'எரிஸ்டாலினஸ், இனம் தெரியவில்லை' என்று மாற்றிவிடுங்கள்.

சிறகன்: 'அர்வோரமாக இருக்கலாம்' என்று குறிப்பிலாவது போடட்டும்!