கப்பல் ஊழியத்துக்கு சபைப் பணம் கொடுக்கலாமா?

பாளை_ஆசிரியர்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைப் பெண் ஒருத்தி, பி.காம். முடித்தவள், துறைமுகம் துறைமுகமாகப் போய்ப் புத்தகக் கண்காட்சி நடத்தும் லோகோஸ் ஹோப் என்ற கிறிஸ்தவ ஊழியக் கப்பலில் இரண்டு வருட ஊழியத்துக்குத் தேர்வாகியிருக்கிறாள். அந்தக் கப்பலில் கேப்டன் முதல் தரை துடைப்பவர் வரை யாருக்கும் சம்பளம் கிடையாது. அவரவர் செலவை அவரவர் சபையும் நண்பர்களும் தாங்க வேண்டும். மாதாமாதம் ஒரு தொகை கேட்டு எங்கள் கமிட்டிக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது. கொடுக்கக் கூடாது என்கிறேன் நான்.

காரணம் இதுதான். 1903-ல் திருநெல்வேலிச் சபை இந்தியன் மிஷனரி சொசைட்டியைத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா ஐயாவும் அவரோடு இருந்தவர்களும் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்குப் போய்த் தெலுங்கு படித்தார்கள், அந்த ஜனங்கள் நடுவிலேயே குடியிருந்தார்கள். ஊழியம் என்றால் எனக்குத் தெரிந்தது அது. இந்தக் கப்பல் ஒரு துறைமுகத்தில் இரண்டு மூன்று வாரம் நிற்கிறது, அப்புறம் கிளம்பிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் சமையல்கட்டு வேலை. வெங்காயம் நறுக்க ஒரு பட்டதாரியை உலகம் சுற்ற அனுப்புவதா? அதே பணத்தில் வடக்கே ஒரு மிஷனரி குடும்பத்துக்குத் தோள் கொடுக்கலாமே.

உப்பளம்:
ஐயா, நான் அந்தக் கப்பலில் இருந்துவிட்டு வந்தவள். வெங்காயமும் நறுக்கியிருக்கிறேன். சுமார் 60 நாடுகளிலிருந்து வந்த முந்நூறு பேருக்கு மேல் அங்கே இருக்கிறோம். மூன்று வேளையும் அத்தனை பேருக்கும் சாப்பாடு ஆக வேண்டும். கடல் கொந்தளிக்கும்போது வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டுத்தான் வேலை செய்ய முடியும், இல்லாவிட்டால் பலகையே ஓடிவிடும். பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அன்றைக்கும் சோறு வேக வேண்டும். இது ஊழியம் இல்லையென்றால், அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் சிறைச்சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் செய்வது மட்டும் எப்படி ஊழியமாகும்?

சமையல்கட்டில் இருப்பவர்களும் வாரத்தில் ஒரு நாள் கரைக்குப் போகிறோம். உள்ளூர்ச் சபைகள் எங்கே கூப்பிடுகின்றனவோ அங்கே. கப்பல் கிளம்பிய பிறகு வேலையைத் தொடர்கிறவர்கள் அந்தச் சபையார்தான். நாங்கள் அவர்களுக்குக் கைகொடுக்கப் போகிறோம், அவர்கள் இடத்தைப் பிடிக்க அல்ல.

இஞ்சின்_ரூம்:
நான் வணிகக் கப்பலில் எஞ்சினியர். விசுவாசத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, கப்பலைப் பற்றித்தான் பேசுகிறேன். லோகோஸ் ஹோப் 1973-ல் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் ஃபெர்ரியாகக் கட்டப்பட்டது. 2004-ல் இந்த ஊழியத்தார் வாங்கினார்கள், மாற்றியமைத்து 2009-ல்தான் முழுதாக ஓடத் தொடங்கியது. ஐந்து வருடம் பணத்தை விழுங்கியது. அதற்குப் பிறகும் ஜெனரேட்டர்களை மாற்ற மாதக்கணக்கில் கிடந்தது. வயசான கப்பலில் ஒரு பம்ப் போனால் அதற்குப் பாகம் தேடுவதே பெரும்பாடு. சம்பளம் இல்லாமல் வரும் தகுதியான எஞ்சினியர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அதே புத்தகங்களைக் கன்டெய்னரில் போட்டு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

பெற்றோர் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இவர்களுடைய முதல் கப்பல் லோகோஸ் 1988 ஜனவரியில் தென் அமெரிக்காவின் தெற்கு முனையில், பீகிள் கால்வாய்ப் பக்கம், பாறையில் ஏறி நாசமாகிவிட்டது. கடலுக்கு ஊழியக் கப்பல், சரக்குக் கப்பல் என்ற பேதம் கிடையாது.

உப்பளம்:
அண்ணாச்சி, அந்த விபத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைக்குழந்தைகள் உட்பட எல்லோரும் உயிர்காக்கும் படகுகளில் இறங்கித் தப்பினார்கள். அதற்குக் காரணம் பயிற்சி. இன்றைக்கும் புத்தக மேசையில் நிற்கப்போகிறவர்கூட முதலில் தீயணைப்புக் குழாய் பிடிக்கவும், லைஃப் ஜாக்கெட் கட்டவும், படகு இறக்கும் இடத்துக்கு வரவும் பழக வேண்டும். நடுவேலையில் மணி அடித்தால் போட்டது போட்டபடி ஓடுவோம்.

எஞ்சினியர்களுக்குப் பஞ்சம் என்பது உண்மை. கப்பல் மலிவு என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கன்டெய்னரில் போனால் புத்தகம் மட்டும்தான் இறங்கும், ஆட்கள் இறங்க மாட்டார்கள்.

வேப்பமரம்:
நான் கிறிஸ்தவன் இல்லை. ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். புத்தகக் கண்காட்சி என்று கூப்பிட்டுவிட்டு, வருகிற குழந்தைகளிடம் மதம் பேசுவது நியாயமா?

உப்பளம்:
கோபம் இல்லை. கண்காட்சியில் 5,000-க்கும் மேற்பட்ட தலைப்புகள் இருக்கும். அறிவியல், சமையல், அகராதி, குழந்தைகளின் படப் புத்தகம், அதோடு கிறிஸ்தவப் புத்தகங்களும். கப்பல் கிறிஸ்தவக் கப்பல் என்பதை யாரும் மறைப்பதில்லை. அகராதி வாங்க வந்தவர் அகராதி வாங்கிக்கொண்டு போகலாம். போயிருக்கிறார்கள். யாரையாவது கட்டாயப்படுத்தினால் அதை நானே எதிர்ப்பேன்.

வேப்பமரம்:
பெரியவர்கள் விஷயத்தில் சரி. குழந்தை தனியாக வந்தால் பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் பேசக் கூடாது என்பது என் நிலை. அதில் மாற மாட்டேன்.

பாளை_ஆசிரியர்:
எஞ்சினியர் தம்பி சொல்லாத இன்னொன்றும் உண்டு. 1991-ல் பிலிப்பைன்ஸின் சம்போவாங்காவில் இதே ஊழியத்தாரின் இன்னொரு கப்பலான டூலோஸின் குழுவினர் நடத்திய கூட்டத்தில் கையெறி குண்டு வீசினார்கள். ஊழியத்துக்கு வந்த இளம்பெண்கள் இருவர் இறந்துபோனார்கள். என் பேத்தி வயது. அதை நினைத்தால் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

அம்மா, நீ சொன்ன உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் டோர்னக்கலில் விளைந்ததைப் பார். அசரியா 1912-ல் அங்கே பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பிஷப். அந்தப் பலன் தங்கியிருந்ததால் வந்தது.

உப்பளம்:
ஐயா, அதே அசரியா 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் என்ன கேட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பரலோகத்தில் சிங்காசனம் உண்டு என்கிறீர்கள், உங்கள் வீட்டுக் கூடத்தில் எங்களுக்கு ஒரு நாற்காலி போட மாட்டேன் என்கிறீர்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேராகச் சொன்னார். எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்றுதான் முடித்தார்.

அந்த நாற்காலியை நான் கப்பலில் பார்த்தேன். என் கேபினில் ஜன்னல் இல்லை. மேல் படுக்கையில் ஒரு கொரியப் பெண், எதிரில் ஒரு ஜெர்மன் பெண். எங்கள் மூவருக்கும் மேற்பார்வையாளர் பப்புவா நியூ கினியிலிருந்து வந்தவர். அவர் சொன்னால் ஜெர்மன்காரி பாத்திரம் தேய்ப்பாள், நான் குப்பை கட்டுவேன். சண்டை வந்திருக்கிறது, அழுதிருக்கிறோம். ஆனாலும் மறுநாள் அதே மேசையில்தான் சாப்பிட வேண்டும், விலகிப்போக இடம் கிடையாது. இப்படி ஒரே பந்தியில் உட்காரப் பழகின பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினால், சாதி பார்த்து இடம் ஒதுக்குகிற நம் சபைகளில் சும்மா இருக்க மாட்டார்கள். இது எனக்குப் பெரிய விஷயம்.

சம்போவாங்கா பற்றி ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, ஐயா. போகிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

இஞ்சின்_ரூம்:
கப்பல் கணக்கு விஷயத்தில் நான் மாறவில்லை. ஆனால் ஆட்களை வளர்ப்பதற்காக என்றால் அது வேறு கணக்கு. அப்படியென்றால் விண்ணப்பத்திலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். "உலகுக்கு அறிவு கொண்டுபோகிறோம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் என்னைப் போன்றவன் எண்ணெய்ச் செலவைத்தான் கேட்பான்.

பாளை_ஆசிரியர்:
எடின்பரோ பேச்சை நான் வாலிபர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். அதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இருந்தாலும் கமிட்டியில் நான் சொல்லப்போவது இதுதான். மிஷனரிகளுக்கென்று ஒதுக்கிய பங்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. வாலிபர் ஐக்கியம் தனியாகத் திரட்டினால் தடுக்க மாட்டேன், என் பங்கும் உண்டு. சபைப் பணத்தைக் கேட்டால் எதிராகத்தான் வாக்களிப்பேன்.

உப்பளம்:
மிஷனரி பங்கைத் தொடக் கூடாது என்பதில் எனக்கும் சம்மதம், ஐயா. ஆனால் சபையின் பொதுக் காணிக்கையிலிருந்து சிறிய தொகையாவது போக வேண்டும். ஐக்கியம் மட்டும் கொடுத்தால் அவள் தோழிகளின் பெண்ணாகப் போவாள், சபையின் பெண்ணாகப் போக மாட்டாள். திரும்பி வந்த பிறகு அவளுக்கு ஞாயிறு பள்ளியிலோ கமிட்டியிலோ என்ன பொறுப்பு கொடுப்பீர்கள் என்பதையும் அதே கூட்டத்தில் எழுதி வையுங்கள். நான் வந்தபோது எங்கள் சபையில் அதை யாரும் யோசித்திருக்கவில்லை, மாதக்கணக்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.